பரந்தன் வரை

ஒரே கார்தான்.
ஒரே எஞ்சின், ஒரே வருடம், ஒரே கப்பலில் வந்தது.
உடுப்பு மட்டும் வேறு.

கரடிப்போக்குச் சந்தி தாண்டி
தகரக் கொட்டகைக்குக் கீழே
காணிப் பிரச்சினையில் கதை நின்றுபோன
இரண்டு சகோதரங்கள் போல நிற்கின்றன.
ஒன்று சிவப்பு.
பின்னால் சின்னச் செட்டை, மெல்லிய ரயர்,
சீற்றில் சிவப்பு நூல் தையல்,
நிலத்துக்கு நாலு விரல் தாழ்ந்த வயிறு.
மற்றது சாம்பல்.
தடித்த சீற், மரம் மாதிரி ஒட்டிய பிளாஸ்ரிக்,
பின்னால் இருப்பவர் கைவைக்க ஒரு தாங்கி,
அதற்குள் தேத்தண்ணிக் கோப்பைக்கு இரண்டு குழி.

பதினொரு வருடம்
மற்றவர்களின் லீசிங் கடதாசி எழுதியவள் நான்.
ஓட்டோவுக்கு, உழவு மெசினுக்கு,
அருவி வெட்டும் மெசினுக்கு,
ஒருமுறை ஐஸ்கிறீம் வானுக்கு.
எது வேணும் என்று ஒருவரையும் கேட்டதில்லை.
மாதம் எவ்வளவு கட்டுவீங்கள் என்றுதான் கேட்டேன்.
இன்று யசிந்தன்
இரண்டு திறப்பையும் இரண்டு கையில் தூக்கி
என்னைக் கேட்கிறான்:
"அக்கா, எது?"

இவர் சாம்பலுக்குள் ஏறி இருந்துவிட்டார்.
கண்ணை மூடி, முதுகைச் சாய்த்து,
இடது இடுப்பை மெதுவாக, மிக மெதுவாக
சீற்றுக்குள் இறக்கி.
அங்கே ஒரு துண்டு இரும்பு இருக்கிறது.
கச்சான் அளவு.
எடுக்கலாம், விடலாம் என்று டொக்டர் சொல்லி
நாங்கள் விட்டது.
அக்கராயன் றோட்டின் ஒவ்வொரு கிடங்குக்கும்
அதனிடம் கணக்கு இருக்கிறது.

நான் சிவப்பின் திறப்பை வாங்கினேன்.

ஏ ஒன்பது வெறுமையாய்க் கிடந்தது.
எழுபது. எண்பது.
பாலத்தின் பொருத்து பல்லில் தட்டியது.
சின்னக் கல்லொன்று
தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போனது.
தொண்ணூறில் ஒரு நாம்பன் குறுக்கே வர
கார் நின்ற இடம்
நான் நினைத்த இடம்தான்.
யசிந்தன் கைபிடியைப் பிடித்திருந்தான்.
நான் சிரித்துக்கொண்டிருந்தேன்,
ஏன் என்று தெரியாமல், வாய்விட்டு.

பரந்தன் சந்தியில் திருப்பினேன்.
கிழக்கே போகும் றோட்டை ஒருக்கால் பார்த்தேன்.
மூன்று கிலோமீற்றருக்கு ஒரு முழுப் பகல்
எடுத்த றோட்டு.
பெட்டிக்குள் தண்ணி மெசின், நெல்மூட்டை,
அதற்குமேல் நான், மடியில் ஒரு கோழி.
வேகம் வேண்டும் என்று அப்போது நினைத்தேனா?
இல்லை.
எங்கேயாவது மறைவாய்
ஒன்றுக்குப் போகவேண்டும் என்று நினைத்தேன்.
அவ்வளவுதான்.

திரும்பி வர, இவர் இன்னும் இறங்கவில்லை.
"எப்பிடி?"
"ஒவ்வொரு கல்லும் தெரியுது."
"அப்ப இதுதானே," என்று
சாம்பலின் கதவில் தட்டினார்,
மாட்டின் கழுத்தில் தட்டுவதுபோல.

நான் கணக்குப் பார்த்தேன். தொழில் அது.
கிழமைக்கு ஆறு நாள் நான் தனியே.
ஞாயிறு அவரும் நானும்.
மாதம் ஒருமுறை வவுனியா கிளினிக்.
ஆறு பெரிதா, ஒன்று பெரிதா?
எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை.

"தம்பி," என்றேன்,
"சாம்பலின்ர முன் இடப்பக்கச் சீற்றை
சிவப்புக்கு மாத்த ஏலுமே?"
அவன் தலையைச் சொறிந்தான்.
"போல்ட் நாலுதான் அக்கா. ஆனா
சீற்றை மாத்தலாம், ஸ்பிரிங்கை என்ன செய்யிறது?"
இவர் என்னைப் பார்த்தார்.
பிறகு இறங்கினார், இடுப்பைப் பிடித்தபடி,
போல்ட் கழற்ற இடம்விட்டு.

அந்தச் சாம்பல் காரை யார் வாங்குவாரோ.
ஒரு பக்கம் மட்டும் சிவப்புத் தையலோடு
எந்த ஊரில் ஓடுமோ.

முறிகண்டியில் நிறுத்தினோம்.
வேகக் காரும் நிற்கும், மெத்தைக் காரும் நிற்கும் இடம்.
தேங்காய் உடைத்து,
நாலு ரயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசித்து,
கச்சான் வாங்கினோம்.
புதுச் சீற்றில் கோது கொட்டியபடி இருந்தார்.
"சொகுசாத்தான் இருக்கு," என்றார்.

அக்கராயன் பக்கம் திரும்ப
தார் முடிந்தது. கிறவல் தொடங்கியது.
பெடலில் இருந்து காலை எடுத்தேன்.
தூரத்திலேயே தெரிந்தது முதல் கிடங்கு,
நேற்றைய மழைத் தண்ணீரோடு.
அவர் கச்சான் உடைப்பதை நிறுத்தினார்.

நான் அவரைப் பார்க்கவில்லை.
றோட்டைப் பார்த்தேன்.